காய் விட்டவளுக்குக் கோ கொடுப்பது

ஜூலை 8, திங்கள்

இன்றிலிருந்து பெனிட்டாவோடு காய். நான்தான் விட்டேன். பிரேயர் முடிந்து வரிசையில் போகும்போது திரும்பி, சுண்டுவிரலை நீட்டி, அவள் மூக்குக்கு நேராகக் காட்டிவிட்டு நடந்துவிட்டேன். எட்டாம் வகுப்புக்காரி செய்கிற காரியமா இது என்று கேட்டால், இல்லைதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் செய்வது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அதற்கு மேல் எதுவும் மண்டையில் ஏறாது.

சட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேசக் கூடாது. முகம் பார்க்கக் கூடாது. இரண்டு விரலை நீட்டிப் பழம் விடும்வரை காய் காய்தான். யார் முதலில் வாயைத் திறக்கிறாளோ அவள் தோற்றவள். நான் திறக்க மாட்டேன் என்பது அவளுக்கே தெரியும்.

எதற்குக் காய் என்றால், அவள் ஒரு கோள்மூட்டி. அவளுக்காக இதற்கு மேல் மை செலவழிப்பதாக இல்லை.

என்ன கண் அது, ஆட்டுக்குட்டி மாதிரி. நான் விரலைக் காட்டியதும் அப்படியே முழித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்தவள் அவள் மேல் மோதினாள். அப்போதும் நகரவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து இவளோடு சேர்ந்து எப்படித்தான் சுற்றினேனோ. பக்கத்து வீடு என்கிற ஒரே காரணம்தான். எங்கள் வளவில் ஆறு வீடு, எல்லாம் ஒட்டு ஒட்டாக, நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். வேறு ஆள் கிடைக்காததால் இவள்.

ஜூலை 9, செவ்வாய்

திருநெல்வேலியிலிருந்து ஆலோசகர் மேடம் ஒருவர் வந்தார். "கோபத்தைக் கையாள்வது எப்படி" என்று பேச்சு. புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. வயரை ஆட்டினார், ஸ்விட்சைத் தட்டினார், கடைசியில் அதைக் கொண்டுவந்த ஆபீஸ் அண்ணனிடம் எரிந்து விழுந்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கோபம் வந்தால் பத்து வரை எண்ணுங்கள் பிள்ளைகளா என்றார்.

உங்கள் கோபத்தை ஒரு மிருகமாக வரையுங்கள் என்று தாள் கொடுத்தார். வகுப்பு முழுக்கச் சிங்கம். நாற்பது சிங்கம், அதில் பாதி நாய் மாதிரி இருந்தது. நான் ஆடு வரைந்தேன். ஏம்மா ஆடு என்று மேடம் கேட்டார். எனக்குக் கோபமே வராது மேடம் என்றேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெனிட்டா சிரிக்கவில்லை. அவள் என்ன வரைந்தாள் என்று தெரியாது. நான் பார்க்கவில்லை, காய்.

ஜூலை 10, புதன்

சாயங்காலம் கோ-கோ பயிற்சி. ஆகஸ்டில் சங்கரன்கோவிலில் மண்டலப் போட்டி. ஜெயித்தால் மாவட்டத்துக்குப் போகலாம். இந்தப் பள்ளிக்கூடம் இதுவரை எதிலும் எங்கும் போனதில்லை. ஆவுடைத்தங்கம் டீச்சர், எங்கள் பி.டி. டீச்சர், போன வருடமே சொல்லிவிட்டார், இந்த டீம் போகும் என்று. எங்கள் டீம் என்றால் நானும் பெனிட்டாவும்தான். மற்றவர்கள் எண்ணிக்கைக்கு.

எட்டுப் பேர் இரண்டு கம்பத்துக்கு இடையே நடுக்கோட்டில் வரிசையாகக் குத்தவைத்திருக்க வேண்டும். ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தவள் அந்தப் பக்கம். ஒன்பதாவது ஆள் விரட்டுவாள். அவள் கோட்டைத் தாண்ட முடியாது. ஓடுகிறவள் அந்தப் பக்கம் போய்விட்டால், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவளின் பின்னால் போய், முதுகைத் தொட்டு, சத்தமாகக் "கோ" என்று சொல்ல வேண்டும். அவள் எழும்பிப் பாய்வாள், இவள் அந்த இடத்தில் உட்காருவாள். உட்கார்ந்திருப்பவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. கை படும்முன், கோ கேட்கும்முன் எழும்பினால் ஃபவுல்.

நான் விரட்டுவேன், பெனிட்டாவுக்குக் கொடுப்பேன், அவள் அடுத்த நொடி ஆளைத் தொட்டிருப்பாள். இப்படித்தான் இரண்டு வருடமாக நடக்கிறது.

இன்று ஒரு சிக்கல். காய் விட்டவளிடம் "கோ" என்று சொன்னால் அது பேச்சா, பேச்சில்லையா? யோசித்துப் பார்த்தேன், பேச்சுதான். அதனால் அவளைத் தாண்டி எங்கள் வகுப்பு மகிஷாவிடம் போய்க் கொடுத்தேன். மகிஷா எழும்புவதற்குள் ஓடுகிறவள் வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். திரும்பவும் மகிஷா. திரும்பவும் மகிஷா. பெனிட்டா விரட்டும்போது அவளும் எனக்குக் கொடுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் நேர்மை இருக்கிறது.

டீச்சர் விசில் ஊதி ஊதி முகம் சிவந்துவிட்டார். நாளை மறுநாளும் இப்படி ஆளைத் தாண்டிப் போகிறவளுக்கு மைதானத்தைச் சுற்றி ஓட்டம்தான் என்றார். காரணம் யாரும் சொல்லவில்லை. டீச்சர்களிடம் போய்ச் சொல்வதற்கு நாங்கள் என்ன பெனிட்டாவா?

ஜூலை 12, வெள்ளி

மத்தியானம் என் பெஞ்சில் ஒரு டிபன் டப்பா. ஸ்டெல்லா அத்தை, அதாவது பெனிட்டாவின் அம்மா, எனக்கும் சேர்த்து இடியாப்பம் கொடுத்து விட்டிருக்கிறார். காயில் இருக்கிறவள் வாயைத் திறக்காமல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் சோறு பொங்கத்தான் செய்கிறார்கள். யாரும் பாவம் பார்க்கத் தேவையில்லை. டப்பாவைத் திறக்காமல் அவள் பைக்குள் திணித்தேன். பத்து வரை எண்ணவும் செய்தேன். எண்ணி முடித்தபோது முன்பைவிட அதிகமாக வந்தது. மேடத்துக்குத் தெரிவிக்கலாம்.

சாயங்காலம் பயிற்சியில் டீச்சர் பேச்சைக் கேட்டு பெனிட்டாவுக்கே கோ கொடுத்தேன். கை கொஞ்சம் பலமாகப் பட்டுவிட்டது. கோ என்றாலே பலமாகத்தான் கொடுப்பார்கள், பூ வைக்கிற மாதிரியா தொடுவார்கள். அவள் ஒழுங்காகக் காலூன்றி உட்கார்ந்திருந்தால் விழுந்திருக்க மாட்டாள். முகம் குப்புறப் போய்ச் சரளையில் தாடை கிழிந்துவிட்டது. நிறைய ரத்தம். சட்டை முழுக்க.

டீச்சர் வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நான் மைதானத்தில் மண்ணைத் தள்ளி அந்த இடத்தை மூடினேன். யாராவது மூட வேண்டும் அல்லவா.

ஜூலை 13, சனி

தாடையில் தையல் போட்டிருக்கிறார்களாம். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். எப்படி விழுந்தாய் என்று எல்லோரும் கேட்டதற்குக் கால் வழுக்கிவிட்டது என்று சொன்னாளாம். காய்ந்த மைதானத்தில் என்ன வழுக்கும்? பொய் சொல்லக்கூடத் தெரியாத ஜென்மம். பெரிய தியாகி. இதற்கு நான் நன்றி சொல்வேன் என்று நினைத்திருந்தால் நினைக்கட்டும்.

அம்மா பீடி சுற்ற இலை நனைத்தேன். துணி துவைத்தேன். அப்பாவின் லோடு ஆட்டோவில் எலுமிச்சம்பழ மூட்டை ஒழுகி நாறியது, அதையும் கழுவினேன். புளியங்குடியில் பிறந்தால் சாகும்வரை எலுமிச்சை வாசம்தான். அப்பா நல்ல பேச்சாக இருந்தார். பழம் நல்ல விலைக்குப் போயிருக்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

அவள் வரவில்லை. நிம்மதி.

ஜூலை 17, புதன்

இன்றும் வரவில்லை. பக்கத்து இடம் காலியாக இருப்பதால் பையை வைத்துக்கொள்ள வசதி. கணக்கு வீட்டுப்பாடத்தில் ஒன்று வரவில்லை. மகிஷாவிடம் கேட்டேன். அவளுக்கு வகுத்தலே வராது, எனக்குச் சொல்லித்தர வருகிறாள்.

ஜூலை 22, திங்கள்

வந்துவிட்டாள். தாடையில் கறுப்பு நூல் தழும்பு. பார்க்கக் கூடாதுதான், பெரிதாக இருந்ததால் தெரிந்தது.

சாயங்காலம் விளையாடினாள். நான் விரட்டினேன். அவள் பின்னால் நான் போய்ச் சேரும் முன்பே, என் காலடிச் சத்தம் கேட்டதுமே, அவள் தோள் இரண்டும் காது வரை ஏறிவிட்டது. கை படவில்லை, கோ சொல்லவில்லை, அதற்குள் எழும்பி ஓடிவிட்டாள். ஃபவுல். மறுபடியும் நான், மறுபடியும் ஃபவுல். டீச்சர் அவளை எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்தார். பயந்தாங்கொள்ளி, ஒரு தடவை விழுந்ததுக்கு இப்படியா, உன்னை நம்பி டீம் வைத்தேன் பார் என்று. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சரி டீச்சர் என்றாள்.

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். யார் மேல் என்று தெரியவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன கேடு அவளுக்கு? சரி டீச்சராம்.

ஜூலை 24, புதன்

மகிஷா பின்னால் போனால் பெனிட்டா எழும்புவதில்லை. மற்றவர்கள் யார் போனாலும் எழும்புவதில்லை. கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். நான் போனால் மட்டும்தான்.

ஆவுடைத்தங்கம் டீச்சர் சத்தம் போடுவாரே தவிர, முட்டாள் இல்லை. பயிற்சி முடிந்ததும் என்னை மட்டும் நிறுத்திவைத்தார். மற்றவர்கள் குழாயடிக்குப் போகும்வரை பேசவில்லை.

"மத்தவளுவ வந்தா ஒழுங்கா இருக்கா. நீ வந்தா மட்டும் எழும்புதா. என்னட்டி செஞ்ச அவள?"

ஒன்றும் செய்யவில்லை என்றேன். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கம்பத்தைப் பார்த்தேன். போட்டிக்குள் இது சரியாகாவிட்டால் இருவரில் ஒருத்தியை உட்காரவைப்பேன் என்றார். யாரை என்று கேட்டேன். ஃபவுல் பண்ணுகிறவளைத்தானே உட்காரவைக்க முடியும் என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வக்கீல் ஆகியிருக்க வேண்டியவர்.

அவளை எடுத்தால் எடுக்கட்டும், எனக்கென்ன. அவளுக்குத்தான் கஷ்டம். போன வருடத்திலிருந்து மாவட்டப் போட்டி பனியன் எந்தக் கலரில் இருக்கும் என்று கேட்டு என் உயிரை எடுத்தவள் அவள்தான்.

ஜூலை 25, வியாழன்

அம்மா பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எப்போதும் அப்படித்தான், இலைக்கு வெளிச்சம் வேண்டும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். என் செருப்பு அறுந்துபோனதால் அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டுத் திரும்ப வந்தேன். படியில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டதும் அம்மாவின் தோள் இரண்டும் காது வரை ஏறியது. கையில் இருந்த பீடி நசுங்கிவிட்டது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். நாந்தாம்மா என்றேன். தோள் இறங்கியது.

"சத்தம் குடுத்துட்டு வாயேன்ட்டி," என்றாள். நசுங்கிய பீடியைப் பிரித்துத் தூளைத் தட்டில் கொட்டிக்கொண்டாள்.

இத்தனை வருடமாக இதை நான் பார்த்திருக்கிறேன். ஆமை என்று மனதுக்குள் சிரித்தும் இருக்கிறேன். இன்று சிரிப்பு வரவில்லை. அப்பா அடிக்க மாட்டார். சாமானைத்தான் எறிவார். ஒரு தடவைகூட யார் மேலும் கை வைத்ததில்லை. நான் வைத்திருக்கிறேன்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. சாப்பிட்டேன்.

ஜூலை 27, சனி

நடந்ததை எழுதிவிடுகிறேன். நானாக இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை, சொல்வதற்கு ஆளும் இல்லை.

காய் விட்டதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. பழம் விலை போகவில்லை. ஆட்டோவுக்கும் ஏதோ செலவு. மத்தியானச் சோற்றில் உப்பு இல்லை என்று ஆரம்பித்தது. தட்டு பறந்தது, சொம்பு, பிறகு தண்ணீர் வைக்கிற குத்துப்போணி. எங்கள் வீட்டில் எல்லாமே சில்வர். கண்ணாடிச் சாமான் ஒன்றுகூடக் கிடையாது, இருந்ததெல்லாம் போய்விட்டது. சில்வர் உடையாது, நெளியும்.

சத்தம் ஆறு வீட்டுக்கும் கேட்கும். எங்கள் வளவில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் சத்தம் வந்தாலும் மற்றவர்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மறுநாள் யாரும் கேட்கவும் மாட்டார்கள். நாங்களும் அப்படித்தான் கூட்டி வைத்திருக்கிறோம், மூலைவீட்டு அக்கா அழுதபோது. அதுதான் மரியாதை.

அன்று எல்லா டிவியும் சத்தமாகப் பாடியது, ஒன்றைத் தவிர. பெனிட்டா போய் அவள் அம்மாவிடம் சொல்லி, ஸ்டெல்லா அத்தை நேரே எங்கள் வாசலுக்கு வந்து கதவைத் தட்டிவிட்டார். பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே என்று கேட்டார். கதவு திறந்ததும் வளவே எட்டிப் பார்த்தது. அம்மா தரையில் உட்கார்ந்து சோற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அடுக்களையில் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஸ்டெல்லா அத்தைக்குப் பின்னால் பெனிட்டா, அந்த ஆட்டுக்குட்டிக் கண்ணோடு, என்னைத் தேடிக்கொண்டு.

அந்தக் கண்ணைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஜூலை 29, திங்கள்

சத்தம் கொடுத்துவிட்டு வா என்றாள் அம்மா. காயில் எப்படிச் சத்தம் கொடுப்பது?

இருமினேன். காய் விட்டவள் பக்கத்தில் இருமக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பெனிட்டாவிடம் போய்ச் சேருவதற்கு முன்பே, தூரத்திலிருந்தே, காச நோய்க்காரி மாதிரி இருமிக்கொண்டே ஓடினேன். தோள் ஏறியது. எழும்பிவிட்டாள், ஃபவுல். அடுத்த தடவை ஏறியது, பாதி எழும்பி உட்கார்ந்தாள். கையை மெதுவாக வைத்தேன். ஆனால் கோ என்று மட்டும் கத்தியாக வேண்டியிருந்தது. அதைப் பேச்சில் சேர்ப்பதில்லை என்று இப்போது முடிவு செய்திருக்கிறேன்.

உனக்கு என்னட்டி சளியா என்று மகிஷா கேட்டாள். ஆமா என்றேன். நாளைக்குக் கற்பூரவல்லி கொண்டுவருகிறாளாம். கொண்டுவரட்டும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்று ஒரு தடவைகூட ஃபவுல் இல்லை. இருமினேன், தோள் லேசாக ஏறியது, காத்திருந்தாள், தொட்டேன், பறந்தாள். மூன்று பேரை ஒரே மூச்சில் வெளியேற்றினோம். டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சும்மா நின்றார். இருவரும் டீமில் உண்டு என்று மட்டும் சொன்னார்.

பயிற்சி முடிந்து குழாயடியில் பெனிட்டா எனக்கு முன்னால் நின்றாள். தண்ணீர் குடித்துவிட்டுக் குழாயை மூடாமல் எனக்கு விட்டுவிட்டு நகர்ந்தாள். தண்ணீர் வீணாகக் கூடாது என்பதால் குடித்தேன்.

கற்பூரவல்லி சகிக்கவில்லை. சளி இல்லாதவள் தின்றால் சளி பிடிக்கும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 7, புதன்

சங்கரன்கோவில் போய் வந்தோம். வரிசையாக எழுதுகிறேன், இல்லையென்றால் குழம்பிவிடும்.

முதல் ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவதும் ஜெயித்தோம். இறுதி ஆட்டம், பெயரை எழுதவே பிடிக்காத ஒரு பள்ளிக்கூடத்தோடு. எல்லாரும் முழங்காலில் உறை, ஒரே மாதிரி ஷூ, ஒரே மாதிரித் திமிர். அவர்களில் ஒரு குட்டை முடிக்காரி ஓடினாள். ஆளை விட மூளை வேகமாக ஓடியது. நான் இருமினால் கோ பெனிட்டாவுக்குத்தான் என்று கண்டுபிடித்துவிட்டாள். நான் இருமியதுமே எதிர்ப்பக்கம் வெட்டித் திரும்பிவிடுவாள். பிறகு என் பக்கத்தில் ஓடும்போது அவளும் இருமிக் காட்டினாள். அவர்கள் டீமே சேர்ந்து இருமியது.

நேரம் முடியப் போகிறது. அந்தக் குட்டை முடிக்காரியை மட்டும் தொட்டுவிட்டால் கப் எங்களுக்கு. இருமுவதை நிறுத்தினேன். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. விரட்டினேன். கம்பத்தைச் சுற்றி அவள் அந்தப் பக்கம் போய்விட்டாள். இருவர் தள்ளி பெனிட்டாவின் முதுகு. பாய்ந்தேன். இருமவில்லை, கை மேலே போய்விட்டது. அன்று போன அதே மாதிரி. எனக்கே தெரிந்தது.

அவள் தோள் காது வரை ஏறியது. என் காலடியை அவளுக்குத் தெரியாதா? ஆனால் எழும்பவில்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு, அடி விழட்டும் என்பது போல அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கை அந்தரத்தில் நின்றுவிட்டது. எண்ணவெல்லாம் இல்லை. நின்றது, அவ்வளவுதான். பிறகு விரல் நுனியால் தொட்டேன். கோ என்றேன். தொண்டையில் காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. அவள் பாய்ந்துபோய் அந்தக் குட்டை முடிக்காரியின் தோளைத் தொட்டுவிட்டாள்.

நடுவர் விசில் ஊதினார். கோ சொல்லவில்லை, ஃபவுல், ஆள் அவுட் இல்லை என்றார். அந்தப் பக்கம் துள்ளிக் குதித்தார்கள். நடுவர் சொன்னது சரிதான், அவருக்குக் கேட்டிருக்காது.

அப்போதுதான் பெனிட்டா நடுவரிடம் போனாள். சரி டீச்சர், சரி டீச்சர் என்கிற பெனிட்டா. முகமெல்லாம் சிவந்து, தழும்பு மட்டும் வெள்ளையாக, அவர் முன்னால் நின்றாள்.

"எனக்குக் கேட்டுச்சு சார். அவ சொன்னா. எனக்குக் கேட்டுச்சு."

அவர் போம்மா என்றார். அவள் போகவில்லை. என் முதுகுக்குப் பின்னால் சொன்னது உங்களுக்கு எப்படித் தெரியும், எனக்குத்தானே தெரியும் என்று கத்தினாள். ஆள் மாறிப் போய்விட்டாளா என்று எல்லாரும் பார்த்தார்கள். நடுவர் சட்டைப் பையில் கையை விட்டு மஞ்சள் அட்டையைத் தேட ஆரம்பித்தார். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுட்டி," என்றேன். "வா. போதும்."

ஆக முதலில் வாயைத் திறந்தது நான். காயில் தோற்றதும் நான், கப்பைத் தோற்றதும் நான். மாவட்டத்துக்கு அந்த இருமல் கோஷ்டி போகிறது.

டீச்சர் ஒன்றும் திட்டவில்லை. எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தனியாகப் போய் நின்றுகொண்டார். அழுதாரோ என்னவோ, அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

பஸ்ஸில் பெனிட்டா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்வரை ஜன்னலைப் பார்த்தாள். ஊர் எல்லை தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"சத்தமா சொன்னா என்னட்டி? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஒரு மாசம் சேர்த்துவைத்தது. மகிஷாவுக்குக் கோ கொடுத்தது, இடியாப்பத்தைத் திருப்பித் திணித்தது, அதில் தேங்காய்ப்பால் கொட்டி அவள் அறிவியல் நோட்டு நாசமானது, இருமி இருமி மானத்தை வாங்கியது. ஒன்றையும் விடவில்லை. பிறகு குரல் இறங்கியது.

"தாடையக் கிழிச்சிட்டு வலிக்கான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை என்றேன்.

"இப்பக் கேளு."

"வலிச்சுதா?"

"வலிச்சுது," என்றாள். "ரொம்ப."

தெரியும் என்றேன். இனிமேல் செய்ய மாட்டேன் என்றேன். செய்தால் என்று கேட்டாள். செய்ய மாட்டேன்ட்டி என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியாது. இன்னும் கொஞ்ச நாளைக்கு அவள் தோள் ஏறத்தான் செய்யும், அது அவள் கையில் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவளாகவே சொன்னாள். சுவரில் காதை வைத்துக் கேட்டாளாம். அப்பா சத்தம் கேட்டது, சாமான் சத்தம் கேட்டது, என் சத்தம் மட்டும் கேட்கவில்லையாம். அதனால்தான் பயந்துபோய் அம்மாவிடம் சொன்னாளாம். இனிமேல் சொல்லட்டுமா வேண்டாமா என்று என்னிடமே கேட்டாள்.

யாரும் என்னிடம் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. எலுமிச்சை லாரி ஒன்று பஸ்ஸை ஒட்டிப் போனது. அது போகும்வரை மூட்டைகளை எண்ணினேன்.

"சொல்லு," என்றேன்.

சரி என்றாள். பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடியும் அறிவியல் நோட்டுக்காகத் திட்ட ஆரம்பித்தாள். புளியங்குடி வரும்வரை திட்டினாள். நான் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.